மூன்று முறை வடித்த தண்ணீர்

கீழமணல்குடியில் தண்ணீர் எரியும். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் எரியாது. நம்பாதவர்கள் பஸ் ஏறி வந்து பார்த்து, முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஏதாவது ஒன்றில் காப்பி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

பூமிக்கடியில் கிடந்த எரிவாயுவை மனிதர்கள் தோண்டித் தீர்த்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. காலி சிலிண்டர்கள் டீக்கடை வாசலில் ஆசனங்களாகிவிட்டன. கீழமணல்குடியில் மட்டும் மொட்டை மாடிதோறும் கண்ணாடி மூடி போட்ட ஒரு நீலத் தொட்டி. அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் கறுப்புத் தகடுகள். வெயில் ஏறினால் தகடுகளிலிருந்து உலை கொதிப்பது போலக் குமிழி கிளம்பும். அந்தக் குமிழிதான் ஹைட்ரஜன். அது குழாய் வழியாக அடுப்புக்கு இறங்கும். அதன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பெண்கள் பற்றவைத்ததும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுவார்கள், தீ பொசுக்கென்று மஞ்சளாகிக் காட்சி கொடுக்கும். தூவ மறந்து புருவத்தைக் கருக்கிக்கொண்டவர்கள் ஊரில் பதினேழு பேர். சுற்றிலும் உப்பளம், உப்புக்குப் பஞ்சமில்லை, மறதிக்கும் பஞ்சமில்லை.

இதே தொட்டியும் இதே தகடும் பதினோரு ஊர்களுக்குப் போயின. ஓர் ஊரில் தொட்டிக்குள் தவளை குடும்பம் நடத்தியது. இன்னோர் ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் தாமரை வளர்த்தார். குமிழி மட்டும் எங்கேயும் வரவில்லை.

தகட்டைக் கண்டுபிடித்தவர் டாக்டர் சிவசைலம். ஊருக்கு மேற்கே, தேரி எனப்படும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் இருக்கும் ஆற்றல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். குளத்துச் சேற்றில் வாழும் ஒரு கிருமி, தன் வயிற்றிலிருக்கும் நொதியைக் கொண்டு, சத்தம் போடாமல் ஹைட்ரஜன் தயாரிக்கிறது. அந்த நொதியின் நடுவில் இரண்டு உலோகங்கள் ஜோடியாக உட்கார்ந்திருக்கும்: நிக்கலும் இரும்பும். சிவசைலம் அந்த நொதியைச் செயற்கையாகச் செய்தார். செய்தவர் இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டார்.

"இரும்பு மட்டமான உலோகம். துருப்பிடிக்கும். கதவுத் தாழ்ப்பாளுக்கு ஆகும், விஞ்ஞானத்துக்கு ஆகாது. கிருமிக்கு வேறு வழி இல்லை, வைத்துக்கொண்டது. எனக்கு என்ன தலையெழுத்து?" என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்வார். கிருமி மேடை ஏறிப் பதில் சொல்லாது என்பதால் கைதட்டல் முழுவதும் அவருக்கே வந்தது.

இந்த நிறுவனத்தில் இசக்கியப்பன் முப்பத்தொரு வருடமாக ஆய்வகப் பணியாளர். குடுவை கழுவுவதும் தண்ணீர் கொடுப்பதும் அவர் வேலை. ஆய்வுக்கு மூன்று முறை வடித்த தண்ணீர்தான் ஆகும். அதைக் கொடுக்க ஆளுயர வடிகலன் ஒன்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, அது ஏப்பம் மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. இசக்கியப்பன் எழுதிக் கொடுத்தார். இயக்குநர், "மந்திரி வருகிற நேரத்தில் கெட்டது கிட்டதுன்னு எழுதாதய்யா. சமாளி," என்றார். வடிகலனுக்குப் புது வர்ணம் பூசினார்கள். மந்திரி அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஏட்டில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டும், மேலே ஓர் ஆணியில் சாமந்தி மாலையும் ஏறும். வேலை செய்கிற கருவிகளுக்குச் சின்னப் பொட்டுதான்.

இசக்கியப்பன் சமாளித்தார். தேரி மண்ணுக்குள் இறங்கிய ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் பிடித்தார். செம்மண்ணின் சாயத்தோடு, வடிகட்டாத டீ போல வரும். கேனில் நிரப்பி, 'மூன்று முறை வடித்தது, சரிபார்த்தவர் இசக்கியப்பன்' என்று சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். ஆய்வகத்துக்கும் அதுதான், பின்னால் ஊரிலுள்ள தொட்டிகளுக்கும் அதுதான். முதல் மாதம் ஒவ்வொரு கையெழுத்துக்கும் முன்னால் வாசலை எட்டிப் பார்த்தார். இரண்டாம் மாதம் கை பழகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த கை எல்லாவற்றுக்கும் பழகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் அவர் மகள் சந்தனமாரி ஒரு பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

அவளை ஊசிமேடு என்ற கரிசல்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கேயும் தொட்டி வந்தது. 'கீழமணல்குடிப் பிள்ளை, அவளுக்குத் தெரியும்' என்று ஊரே அவள் தலையில் பொறுப்பைக் கட்டியது. ஆறு மாதம் ஆகியும் ஒரு குமிழி இல்லை.

"எத்தனை நாளைக்கு வந்திருக்க மக்களே?" என்று கேட்டார் இசக்கியப்பன்.

"தொட்டி எரியுத வரைக்கும்."

"என்னட்டி சொல்லுத?"

"அத்தை சொல்லிட்டாக. 'ஒப்பன் ஊர்ல எரியுது, இங்க எரியல. ஒன் கையில ராசி இல்ல. தீ மூட்டத் தெரியாத கை எதுக்கு எங்க வீட்டுக்கு? தொட்டி எரிஞ்சா சொல்லி அனுப்புதோம்'னு."

"மாப்பிள்ளை என்ன சொன்னாக?"

"பஸ் டைம் சொன்னாக."

அடுப்படியிலிருந்து செல்லக்கனி வெளியே வந்தாள். "நல்ல மாப்பிள்ளை பாத்துக் குடுத்தீரு. பஸ் டைமாவது தெரிஞ்சு வச்சிருக்காரே, அந்தமட்டும் சந்தோசம்," என்றாள் கணவனிடம்.

சந்தனமாரி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பதினோரு ஊர்களுக்கும் நிறுவனம் அனுப்பிய சுற்றறிக்கை. 'தகட்டில் குறை இல்லை. தண்ணீரில் குறை இல்லை. பயன்படுத்தும் பெண்களின் கையாளுகையே தோல்விக்குக் காரணம்.' கீழே சிவசைலத்தின் கையெழுத்து.

"இத பஞ்சாயத்து போர்டுல ஒட்டிட்டாகப்பா. எல்லா ஊர்லயும்தான். சூரங்காட்டுல ஒருத்தியைத் தொட்டிப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாகளாம். எனக்குப் பரவால்ல, ஏற ஒரு பஸ் இருந்துச்சு."

இசக்கியப்பன் அந்தக் காகிதத்தை நாலு முறை படித்தார். அவர் கழுவிய குடுவையில் பிறந்த விஞ்ஞானம், அவர் மகளைப் பற்றி அவருக்கே எழுதியிருந்தது.

மறுநாள் காலை தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது சந்தனமாரி கேனைச் சாய்த்துப் பிடித்து உற்றுப் பார்த்தாள்.

"எப்பா, ஊசிமேட்டுக்கு மருந்துக் கம்பெனி டேங்கர்ல தண்ணி வரும். கண்ணாடி கணக்கா இருக்கும், மூஞ்சி தெரியும். இது என்ன டீ மாதிரி இருக்கு?"

இசக்கியப்பன் கேனை வாங்கிக் கீழே வைத்தார். ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நாலு டாக்டர் பட்டக்காரர்கள் தினமும் அந்தக் கேனைத் தாண்டித்தான் போனார்கள். சீட்டைப் படிப்பார்கள், தண்ணீரைப் பார்க்கமாட்டார்கள்.

அன்றே அவர் நிறுவனத்தின் சோதனைக் கருவிகளைக் கவனிக்கும் அமலோற்பவத்திடம் போனார். நிறுவனத்தில் அந்த அம்மா ஒருத்திதான் அவரை 'அண்ணாச்சி' என்பாள். மற்றவர்களுக்கு அவர் 'யோவ்'. முழுவதையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அமலோற்பவம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஊரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பழைய தகடு ஒன்றைச் சுரண்டிக் கருவியில் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது.

"அண்ணாச்சி, உப்பு மூட்டையை லாரியில எப்படி ஏத்துவாங்க?"

"ரெண்டு பேரு. இந்த முனையில ஒருத்தன், அந்த முனையில ஒருத்தன்."

"ஒருத்தனை வேண்டாம்னு அனுப்பிட்டா?"

"மூட்டை தரையிலதான் கெடக்கும்."

"அதான் விஷயம். தண்ணிய உடைக்கவும் ரெண்டு பேர் வேணும். ஐயா நிக்கலை உக்கார வச்சார், இரும்பை விரட்டிட்டார். பக்கத்து இடம் காலி. நீங்க தேரித் தண்ணியில குடுவை கழுவினீங்க, ஊர்த் தொட்டியிலயும் அதையே ஊத்தினீங்க. அந்தத் தண்ணி முழுக்க இரும்பு. அது தானா வந்து காலி இடத்துல உக்காந்துடுச்சு." ஏட்டைப் புரட்டியவள் மறுபடியும் சிரித்தாள். "ஐயா இந்தத் தகட்டை வச்சு முதல் பத்து வருஷம் மாரடிச்சிருக்கார். ஒண்ணும் நடக்கல. வடிகலன் என்னைக்கு நின்னுச்சு?"

"ஒம்பது வருசம் முன்ன. ஐப்பசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை."

"அந்த வாரம் வெள்ளிக்கிழமை முதல் குமிழி வந்திருக்கு. கடலைப் பாத்து உக்காந்திருக்கும்போது ஞானம் வந்துச்சுன்னு பேட்டி குடுத்தாரே, அந்த வெள்ளிக்கிழமை."

இருவரும் இயக்குநர் அறைக்குப் போனார்கள். சிவசைலம் முழுவதும் கேட்டார். 'இரும்பு' என்ற சொல் வந்தபோதெல்லாம் காதுக்குள் கொசு புகுந்த மாதிரி முகம் சுளித்தார்.

"அம்மா, உன் கருவி பழுது."

"நேத்துதான் சரிபார்த்தது சார்."

"அப்போ தகடு அழுக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன் சார்."

"வெள்ளிக்கிழமை மத்தியக் குழு வருகிறது. நாற்பதாயிரம் ஊருக்கு இந்தத் தொட்டி போகப்போகிறது. இரும்பில்லாத நொதி என்று உலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இப்போது போய், 'மன்னிக்கணும், பணியாளர் துருத்தண்ணி ஊத்தினார்'னு சொல்லச் சொல்கிறாயா?" இசக்கியப்பன் பக்கம் திரும்பினார். "யோவ், சீட்டில் இருப்பது உன் கையெழுத்து. வாயைத் திறந்தால் உன் வேலை போகும். ஓய்வுபெற இன்னும் எவ்வளவு நாள்?"

"ரெண்டு வருசம் ஐயா."

"அதுவரை வாயை மூடிக்கொண்டிரு."

"எம் பிள்ளை வீட்டுல வந்து உக்காந்திருக்காளே ஐயா. அந்தச் சுற்றறிக்கையை மட்டும் திருப்பி வாங்கிட்டீங்கன்னா..."

"அறிவியல் முடிவை ஒரு குடும்பச் சண்டைக்காக மாற்ற முடியாது," என்றார் சிவசைலம், மிகவும் வருத்தத்தோடு. தன் நேர்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

வெளியே வந்ததும் அமலோற்பவம், "அண்ணாச்சி, பேசாம ஊசிமேட்டுத் தொட்டியில ஒரு கேன் தேரித் தண்ணிய ஊத்திட்டு வாங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுரும்," என்றாள்.

அதையே வீட்டில் சொன்னார். சந்தனமாரி கேட்டுக்கொண்டாள்.

"எரிஞ்சா என்ன சொல்லுவாக? 'இப்பந்தான் கைராசி வந்துட்டு'ம்பாக. என் கை நேத்தும் இதே கைதான். அப்ப சூரங்காட்டுக்காரி? மத்த ஊர்க்காரிகள்லாம்? நீரு சீட்டு ஒட்டினீரு, அவுக ஏச்சு வாங்குதாக. குழு முன்னால நீரே சொல்லும்."

அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க இசக்கியப்பன் அன்று முழுவதும் முயன்றார். கிடைக்கவில்லை.

குழு வருகிறதென்று சிவசைலம் ஊரைச் சுத்தம் செய்தார். தொட்டிகளில் படிந்திருந்த சிவப்புக் கறை அவர் கண்ணை உறுத்தியது. முந்நூற்றுப் பன்னிரண்டு தொட்டிகளையும் தேய்த்துக் கழுவச் சொன்னார். பழைய தகடுகளைக் கழற்றிவிட்டுப் புதுத் தகடுகள் மாட்டினார். மருந்துக் கம்பெனி டேங்கர்களை வரவழைத்துக் கண்ணாடி போன்ற தண்ணீர் நிரப்பினார். தன் காலில் தானே கோடாலி போட்டுக்கொள்வதை இவ்வளவு ஒழுங்காக, மேற்பார்வை வைத்துச் செய்தவர் வேறு யாரும் இருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவர் ஹேமலதா சடகோபன், ஓய்வுபெற்ற செயலர். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த கண்ணுக்கு வேறெதையும் பார்த்தால் வலிக்கும். முதல் வீட்டில் அடுப்பைத் திருகினார்கள். உப்புத் தூவினார்கள். உப்பு உப்பாகவே கிடந்தது. இரண்டாம் வீடு, பத்தாம் வீடு, அறுபதாம் வீடு. ஊரில் ஒரு டம்ளர் காப்பி போட வழியில்லை. சிவசைலம் தானே திருகினார். பொறியாளர் திருகினார். குழு உறுப்பினர் ஒருவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திருகினார்.

கடைசியில் இசக்கியப்பன் வீட்டு மொட்டை மாடிக்கு எல்லோரும் ஏறி நின்றபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். ஒம்பது வருசமா நான் குடுத்தது வடிச்ச தண்ணி இல்ல. தேரிக் கிணத்துத் தண்ணி. அதுல இருக்க இரும்பாலதான் இது எரிஞ்சது. இப்ப சுத்தத் தண்ணி ஊத்திட்டாக, நின்னுட்டு. மத்த ஊர்லயும் அதான். பொம்பளைக கையில ஒரு குத்தமும் இல்ல."

"அவர் சொல்றது சரி மேடம். தகட்டுல இரும்பு இருக்கு, நான் சோதிச்ச அறிக்கை இது," என்று அமலோற்பவம் ஒரு தாளை நீட்டினாள்.

"இயக்குநர் கையெழுத்து இல்லையே," என்று அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார் ஹேமலதா. பிறகு ஒரு கேன் சீட்டைக் கையில் எடுத்தார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்கம்மா."

"மூணு முறை வடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க."

"பொய்யிங்கம்மா."

"கையெழுத்துப் போட்டு ஒரு அரசுப் பணியாளர் பொய் எழுதமாட்டார். வாயால சொல்லலாம். டைரக்டர், வடிகலன் ஓடுதா?"

சிவசைலம் ஒரே ஒரு கணம் யோசித்தார். "ஏட்டில் இருக்கிறபடி ஓடுகிறது," என்றார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"அப்ப போயி சுவிட்சப் போட்டுப் பாருங்கம்மா!"

"கருவியைத் தொடறது எங்க பணி வரம்புல இல்ல. ஒன்பது வருஷத் தணிக்கைல அது ஓடியிருக்கு. நீங்க எதுக்கு ஒரு நல்ல கருவிமேல பழி போடறீங்க?"

இசக்கியப்பன் கட்டியிருந்த கையை இறக்கினார். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒன்பது வருடம் ஆனது. அதைத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு ஒன்பது நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது சந்தனமாரி இடுப்பில் குடத்தோடு படியேறி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். கண்ணாடித் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கிக் குழு உறுப்பினரின் செருப்பை நனைத்தது. கீழே பழைய கேன்களில் மிஞ்சியிருந்த செந்தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றி நிரப்பினாள். மூடியைப் போட்டாள்.

"வெயில் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் இருங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம்," என்றாள்.

அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் ஒரு குமிழி. பிறகு பத்து. பிறகு உலை கொதித்தது. கீழே செல்லக்கனி உப்பைத் தூவியபோது தீ மஞ்சளாக எழுந்தது. குழுவினர் ஆளுக்கு இரண்டு டம்ளர் டீ குடித்தார்கள்.

ஹேமலதா டம்ளரை வைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார். "டைரக்டர் திருகினார், எரியல. எஞ்சினியர் திருகினார், எரியல. இந்தப் பெண் கை பட்டதும் எரிஞ்சது. சரியா?"

"தண்ணியம்மா! தண்ணி!" என்றார் இசக்கியப்பன்.

"ரொம்பச் சரி மேடம். கையாளுகை," என்றார் சிவசைலம்.

ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. ஏழாம் பத்தி: 'இயக்குநர் முன்பே சுட்டிக்காட்டியபடி, தொட்டி இயங்குவது கையாளுபவரின் கையைப் பொறுத்தது என நேரில் நிறுவப்பட்டது. திருமதி சந்தனமாரியைத் தலைமைப் பயிற்றுநராக நியமித்துப் பதினோரு ஊர்களுக்கும் அனுப்புக.' எட்டாம் பத்தி: 'தேரிக் கிணற்றில் இரும்பு மிகுதி. உடனே மூடுக. இனி எங்கும் தூய நீர் மட்டுமே.' ஓடிக்கொண்டிருக்கும் கருவியை அவதூறு செய்ததாக இசக்கியப்பனுக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பாணை வந்தது.

ஆக, ஊசிமேட்டு மாமியார் ஆறு மாதமாகச் சொல்லிவந்த கைராசி, மத்திய அரசின் முத்திரையோடு விஞ்ஞானம் ஆகிவிட்டது. அந்த அம்மாளே பழத்தட்டோடு வந்தாள், மகனையும் கூட்டிக்கொண்டு.

"எங்க வீட்டு மகாலட்சுமி. அன்னைக்கே சொன்னேன், இவ கை சாதாரணக் கை இல்லன்னு."

"ஆமா அத்தே, சொன்னீக. பஞ்சாயத்து போர்டு முன்னால நின்னு சொன்னீக," என்றாள் சந்தனமாரி. கணவனைப் பார்த்து, "நான் மத்த பத்து ஊருக்கும் போயிட்டு வாரேன். எந்த பஸ்ஸுன்னு சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள்.

அவன் சொன்னான். பாவம், சரியாகவே சொன்னான்.

அவள் புறப்பட்டபோது பை கனத்தது. இசக்கியப்பன் தூக்கிப் பார்த்தார், கிலுகிலுவென்றது. உள்ளே ஊரில் திரட்டிய துருப்பிடித்த ஆணிகள், கீல்கள், ஒரு பழைய தோசைக்கல்லின் உடைந்த கைப்பிடி.

இரண்டு மாதத்தில் பதினோரு ஊர்களும் எரிந்தன. அதிகாரிகள் போய், "எப்படியம்மா?" என்று கேட்டால், பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "கைராசிதான் சார்," என்றார்கள். சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தொட்டியிலிருந்து ஆணியை எடுத்து அரிசிப் பானையில் போட்டுவிடுவார்கள். கிணற்றை மூடியபின் கீழமணல்குடியிலும் அதே வழக்கம்தான். சூரங்காட்டுக்காரிதான் இப்போது அவள் ஊர்த் தொட்டிகளுக்குப் பொறுப்பு.

"ஏட்டி, உண்மையைச் சொல்லணும்னு என்னைத் தள்ளிவிட்டியே. இப்ப நீயே மறைக்கியே?" என்றார் இசக்கியப்பன்.

"நான் எங்கப்பா மறைச்சேன்? பதினோரு ஊர்ப் பொம்பளைகளுக்கும் ஒண்ணுவிடாமச் சொல்லிட்டேன். ஒரு பொம்பளைக்கும் இப்ப தன் கைமேல சந்தேகம் இல்ல. ஆபீசருகளுக்கும் சொல்லலாம்தான். நீரு சொன்னீரே, கேட்டாகளா?"

அடுத்த ஆயுத பூஜை முடிந்த வாரம் சிவசைலம் விருது வாங்க டில்லிக்குப் போயிருந்தார். காலை பதினோரு மணிக்கு அவர் மனைவி கோமதியம்மாள் ஆய்வகத்தின் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கூடை, கூடைக்குள் ஒன்றுமில்லை.

"இசக்கி, எங்க குவாட்டர்ஸ் தொட்டி மட்டும் எட்டு மாசமா எரியல. ஐயா வீட்டுல ஒரு துரும்புகூட விழவிடமாட்டாக. ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு எனக்கு வயிறு புண்ணாப் போச்சு." குரலைத் தாழ்த்தினாள். "உம் மக ஏதோ ஆணி குடுக்காளாமே. ஒண்ணு இருந்தா குடேன். ஐயாட்ட மட்டும் சொல்லிராத."

இசக்கியப்பன் சட்டைப் பையைத் தடவினார். மேசை இழுப்பறையைப் பார்த்தார். ஊரில் ஆணி என்பதே அரிதாகிவிட்டிருந்தது. தச்சர்கள் மர முளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துவிட்டு உள்ளே போனார். வடிகலனின் மேலே இருந்த வாடிய சாமந்தி மாலையைக் கழற்றிக் கீழே வைத்தார். மாலை தொங்கிய ஆணியை இடுக்கியால் பிடித்து, இப்படியும் அப்படியும் ஆட்டி, இழுத்தார். பத்து ஆயுத பூஜைத் துரு உதிர்ந்தது. அருமையான ஆணி.

வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வடிகலனை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். நின்றுபோன பிறகு அது செய்த முதல் வேலை.